மூச்சைப் பார்க்க ஓர் ஆள்

படுத்திருக்கும் குழந்தையின் சட்டையைக் கழுத்துவரை சுருட்டிவிட்டு, நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்தபடி நிற்கிறார் சண்முகவடிவு சிஸ்டர். தையல் போடுவதற்காக மயக்க ஊசி போட்ட குழந்தை. விரலில் மாட்டிய கருவி சரியாகத்தான் காட்டுகிறது. அவருக்கு அது போதாது. "மூச்சு நின்ன பொறவுதான் மிஷின் கத்தும்" என்பார்.

தாராவியில் ஒரு சிறிய மருத்துவமனையின் அவசரப் பிரிவு. உதடு கிழிந்தும் நெற்றி பிளந்தும் பிள்ளைகள் வந்தபடி இருப்பார்கள். ஊசி போடுபவரும் தைப்பவரும் ஒரே டாக்டர். "தைக்கிறவரு தையலத்தான் பாப்பாரு. மூச்ச யாரு பாக்கது? அதுக்குன்னு ஒரு ஆள் வேணும்லா?" இரண்டாவது நர்ஸ் வரும்வரை மயக்க மருந்தை எடுத்துத் தர மாட்டார் சிஸ்டர். தாய்மார்கள் முறைப்பார்கள்.

எல்லாருக்கும் பிடித்தவள் சாதனா. மாட்டுங்காவிலிருந்து வரும் புது நர்ஸ். இந்தியில் கொஞ்சி, செல்போனில் பொம்மைப்படம் காட்டி, பிள்ளை சிரிக்கும்போதே ஊசி ஏறிவிடச் செய்வாள். "சும்மா டென்ஷன் ஆறேள், ஆன்ட்டி" என்பாள். மூச்சைப் பார் என்று சண்முகவடிவு எச்சரித்தால், "பொறாமை" என்று வார்டே சிரிக்கும்.

"பொறாமதான். பொய் சொல்லுவானேன்?" என்றார் என்னிடம். "என்னையப் பாத்து வீல்னு கத்துத பிள்ள, அவ இடுப்புல ஏறி உக்காருது. வயிறு எரியாதா? அதுக்காவ நாஞ் சொல்லுதது பொய்யாயிருமா?"

சென்ற வாரம் அக்தர் பானு என்பவரின் மகளுக்கு நெற்றியில் தையல். முடித்துவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அக்தர் பானு சாதனாவின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூச்சைப் பார்க்க நின்ற சண்முகவடிவு, அந்தக் கைகளைப் பார்த்தார்.

சாய்த்து உட்காரவைத்திருந்த குழந்தையின் தலை முன்னே சரிந்து மூச்சை அடைத்தது. சாதனாதான் கண்டாள். கைகளை உதறிக்கொண்டு பாய்ந்து தாடையைத் தூக்கிப் பிடித்தாள். அப்புறம்தான் மிஷின் கத்தியது. அசையாதிருந்த நெஞ்சு ஒரு நீண்ட மூச்சை இழுத்தது.

"பிள்ள பொழச்சிட்டுன்னு தோணல. இவ பாத்துட்டாளேன்னுதான் மொதல்ல குத்திச்சு. சீ, என்ன சென்மம்!" என்று பிறகு என்னிடம் சொன்னார் சண்முகவடிவு.

"வுடு ஏட்டி, நான் புடிச்சிக்கிடுதேன்" என்று கையைக் கொடுத்தார் சண்முகவடிவு. சாதனா விடவில்லை. சின்னத் தாடைக்கடியில் நான்கு கைகள்.

குழந்தை விழித்து அலறியது. சாதனாவை நோக்கிக் கை நீட்டியது. சண்முகவடிவே தூக்கி அவளிடம் கொடுத்தார். கொடுத்த பின்னும் பிள்ளையின் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை.