கொடுத்த குச்சி

எங்கள் பக்கம் மரவள்ளிக் கிழங்கை விற்பார்கள். நடுகிற குச்சியை விற்க மாட்டார்கள். கேட்டவர்களுக்குச் சும்மா வெட்டிக் கொடுக்க வேண்டும். குச்சியை வருசம் தாண்டி வைத்திருக்க முடியாது, காய்ந்துவிடும். நம் நிலத்தில் அழிந்துபோனால், யாருக்குக் கொடுத்தோமோ அவர்களிடம் போய் வாங்கிக்கொள்ளலாம். அம்மாவுக்கு இதுதான் பேங்க்.

தேவதானப்பட்டிக்கு மேற்கே, மலையடியில் எங்கள் நிலம். மூன்று நாலு விதம் கலந்துதான் நிற்கும். ஒன்று தண்ணியில்லாமல் கிடந்தாலும் சாகாது. சிவப்புக்காம்பு என்கிற ரகம் ஆறே மாசத்தில், பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்துக்கு விளையும். என் புத்தகம், யூனிஃபார்ம் எல்லாம் அதில்தான். இப்போது தங்கச்சிக்கும் அப்படியே.

சில வருசம் முன்னால் ஒரு ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் ஜீப்பில் வந்தார்கள். பழைய ரகங்களைச் சேகரிக்கிறார்களாம். அம்மா இளநீர் வெட்டிக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கட்டுக் குச்சி ஏற்றிவிட்டாள்.

போன ஐப்பசியில் வாய்க்கால் உடைந்து, தண்ணீர் நாள்கணக்கில் நின்று எல்லாம் அழுகிப் போனது. அம்மா குச்சி கொடுத்த வீடுகளுக்கெல்லாம் அலைந்தேன், கூடலூர் அத்தை வீடுவரைக்கும். எல்லார் நிலத்திலும் வியாபாரி சொன்ன ஒரே ரகம். ஒரு நோய் வந்தால் மொத்தமும் படுத்துவிடும். ஒருத்தருக்கும் கவலையில்லை.

"ஜீப்புல கொண்டுபோனாகள்ல, அவககிட்டப் போயிக் கேளுய்யா" என்றாள் அம்மா. வீட்டில் முதலில் படித்தவன் நான். ஆபீஸ் என்றால் என் தலையில்தான் விழும்.

அங்கே கம்பிவேலிக்குப் பின்னால், நம்பர் அட்டை தொங்க, எங்கள் சிவப்புக்காம்பு ஆள் உயரத்துக்கு நின்றது. நாலு குச்சி கேட்டேன்.

"வெளியே கொடுக்க ரூல்ஸ் இல்லை தம்பி" என்றார் அதிகாரி. "ரகம் அழிஞ்சிடக் கூடாதுன்னுதான் வச்சிருக்கோம்."

"எங்க நெலத்துல அழிஞ்சிருச்சு சார். அதான் வந்திருக்கேன்."

"அங்க அழிஞ்சா என்ன? இங்க பத்திரமா இருக்கே."

சந்தோசமாகச் சொன்னார். நானும் சந்தோசப்பட வேண்டுமாம்! புது ரகத்தில் ஒரு கட்டை நீட்டினார். பத்து மாசப் பயிர். அது விளைவதற்குள் தங்கச்சிக்குக் காலாண்டுப் பரிட்சையே முடிந்துவிடும். கட்டை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன்.

அம்மா நம்பவேயில்லை.

"ஏலே, யாரு வீட்டுப் பிள்ளைன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"சொல்லியிருக்க மாட்ட. படிச்ச திமிருல வெறப்பா நின்னுருப்ப. சொல்லியிருந்தா தந்திருப்பாக."

மறுநாள் பை நிறையக் கொய்யாப்பழத்தோடு அவளே பஸ் ஏறினாள். சாயங்காலம் திரும்பியபோது பையில் கொய்யாவும் இல்லை, குச்சியும் இல்லை.

"நல்ல மனுசங்கதான்" என்றாள். "உக்கார வச்சு மோரு குடுத்தாக. அவகளுக்கு மேல யாரோ இருக்காகளாம், அவக விடலையாம். பாவம், இவக என்ன செய்வாக?"

இந்த வருசம் மக்காச்சோளம் போட்டிருக்கிறோம். அம்மாவுக்கு யார் மேலும் கோபமில்லை. அந்த ஒரு டம்ளர் மோரை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.