அளவெட்டியில் ஒரு சினை ஆடும் வெறும் ஐஸ் பெட்டியும்

ஆட்டு இரத்தம் எடுத்து வருவதற்காக யாழ்ப்பாணம் போன ஒருவரின் பயணக் கட்டுரையை நீங்கள் இதற்கு முன் வாசித்திருக்க மாட்டீர்கள். நானும் எழுத வேண்டி வரும் என்று நினைக்கவில்லை. தை மாதக் கடைசியில், மழை விட்டுத் தரை காய்ந்துகொண்டிருந்த ஒரு வார இறுதியில் போனேன். காரணம் என் மனைவி சுகந்தி. மிருக வைத்தியம் படித்தவள். இரண்டு வருடமாக ஜேர்மனியில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. நான் வெள்ளவத்தையில், ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று இன்னும் பழகாமல் இருக்கிறேன்.

அவளுடைய வேலையை எனக்கு விளங்கின அளவில் சொல்கிறேன். மழைக்குப் பின் வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும். முதல் நாட்களில் அதற்கும் டெங்குவுக்கும் வித்தியாசம் தெரியாது. எதுவென்று உடனே சொல்லும் பரிசோதனைக்குப் பிறபொருளெதிரி வேண்டும், அதாவது கிருமியைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு புரதம். செத்த கிருமியை ஆட்டுக்கு ஊசியாகப் போட்டால் ஆட்டின் உடம்பு அதைச் செய்யும். முன்பெல்லாம் அதற்காக ஆட்டிடம் திரும்பத் திரும்ப இரத்தம் எடுத்தார்கள். இப்போது சரியான நேரத்தில் ஒரு தடவை எடுத்தால் போதும். இரத்தத்தில் இருக்கும் மரபணுவைப் பிரதி எடுத்து, பற்றீரியாவுக்குள் வைத்து, குடுவையில் வளர்த்தால் அந்தப் புரதத்தை அது செய்துகொண்டே இருக்கும். ஆடு தன் பாட்டில் குழை தின்னலாம்.

சுகந்தி போகுமுன் அளவெட்டியில் ஓர் ஆட்டுக்கு ஊசி போட்டு இரத்தம் எடுத்துப் போனாள். அதிலிருந்து செய்த பிறபொருளெதிரி ஒட்டியது, ஆனால் பிடி போதாது. காய்ச்சல் முற்றிய பிறகுதான் பரிசோதனைப் பட்டியில் கோடு விழுந்தது. அதே ஆட்டுக்கு இன்னும் சில ஊசிகள் போட்டால் அதன் உடம்பு பிடியை இறுக்கிக்கொள்ளுமாம். ஊர் மிருக வைத்தியர் போட்டு வந்தார். கடைசி ஊசி போட்டு ஒரு கிழமையில் இரத்தம் எடுக்க வேண்டும், அதை ஐஸில் வைத்துக் கொழும்புக்குக் கொண்டுவந்து ஜேர்மனிக்கு அனுப்புவது என் பொறுப்பு. அது சரிவந்தால் சித்திரையோடு சுகந்தி வீட்டுக்கு வந்துவிடுவாள். சரிவராவிட்டால் பழைய மரபணுவையே எழுத்து எழுத்தாக மாற்றிப் பார்க்க வேண்டும், அதற்கு இன்னொரு வருடம். இந்த இன்னொரு வருடத்தை நினைத்துக்கொண்டுதான் நான் ஐஸ் வைக்கும் றெஜிபோம் பெட்டியோடு ரயில் ஏறினேன்.

கோட்டையிலிருந்து காலை ரயில், முன்பதிவு இருக்கை மூவாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. அளவெட்டிக்குப் போகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் இறங்கிவிடாதீர்கள். சுன்னாகம் வரை போங்கள், அங்கிருந்து ஆறு கிலோமீற்றர்தான். அன்றிரவு சுன்னாகத்தில் அறை எடுத்தேன், 4,500 ரூபாய், மின்விசிறி பரவாயில்லை. அடுத்த நாள் காலை சந்தையில் மீன்காரரிடம் ஐஸ் வாங்கிப் பெட்டியை நிரப்பினேன். ஐஸோடு மீன் வாடையும் இலவசமாகக் கிடைத்தது.

ஓட்டோ 900 ரூபாய். ஓட்டுநர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“என்ன மீன் அண்ணை?”

“மீன் இல்லை, வெறும் ஐஸ். ஆட்டு இரத்தம் எடுத்து வைக்க.”

“ஓ, இரத்த வறை வறுக்கவோ? அப்ப இறைச்சியும் எடுக்கலாமே. நல்ல இடம் எனக்குத் தெரியும்.”

மரபணு, பற்றீரியா எல்லாவற்றையும் ஆறு கிலோமீற்றருக்குள் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். இறங்கும்போது, “எண்டாலும் வறை நல்லாயிருக்கும் அண்ணை” என்றார்.

ஆட்டை வளர்ப்பவர் பரமேஸ்வரி அக்கா. புகையிலையும் வெங்காயமும் செய்கிற குடும்பம், கிணற்றடிக்குப் பின்னால் ஆட்டுக்கொட்டில். ஆடு வெள்ளைப் பெட்டை மறி, காது இரண்டும் தோளில் கிடந்தன. இரண்டு வருடமாக என் வீட்டுப் பேச்சில் இருந்த ஆடு. பார்த்ததும், உன்னால்தானே என்று ஒரு கோபமும், நீதான் கதி என்று ஒரு மரியாதையும் சேர்ந்து வந்தன. வைத்தியர் ஒன்பதரைக்கு மோட்டார் சைக்கிளில் வந்தார். குழாய்களை அடுக்கினார். கழுத்தைத் தடவினார். பிறகு என்ன நினைத்தாரோ, கீழே குனிந்து வயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தார்.

“அக்கா, இது சினை எல்லே?”

அக்கா வேலிப்பக்கம் பார்த்தார். சுகந்தி அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், கடைசி இரத்தம் எடுக்கும்வரை கிடாயிடம் விட வேண்டாம் என்று.

“என்ன செய்யிறது டொக்டர். மூண்டு கிழமைக்கு ஒருக்காக் கத்தும். இரண்டு நாள் தின்னாது, வாலை ஆட்டிக்கொண்டு நிண்டு கத்தும். எத்தினை தரமெண்டு பொறுக்கிறது? கார்த்திகை மழைக்கை நிண்டு கத்தேக்கை என்னாலை கேட்டுக்கொண்டிருக்க ஏலாமல் போச்சு. பின் ஒழுங்கையிலை கிடாய் நிக்குது. கொண்டுபோய் விட்டனான். பாவம் தானே.”

வைத்தியர் என் பக்கம் திரும்பினார். “இரத்தம் எடுக்கிறதாலை ஆட்டுக்கு ஒண்டும் செய்யாது. ஆனா இது பிடிக்கேக்கை துள்ளுற ஆடு. பயந்து துள்ளினா குட்டி தங்குமெண்டு நான் சொல்லமாட்டன். நீங்கள்தான் சொல்ல வேணும்.”

“சுகந்திப் பிள்ளையிட்டைக் கேளுங்கோ தம்பி” என்றார் அக்கா. “அவ சொன்னா எடுக்கட்டும்.” சொல்லிவிட்டு ஆட்டின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்குச் சித்திரை வேண்டும். ஒளிக்காமல் எழுதுகிறேன், எடுங்கள் டொக்டர் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கைபேசியை எடுத்துச் சுகந்தியை வீடியோவில் அழைத்தேன். அங்கே இன்னும் விடியவில்லை. கம்பளித் தொப்பியோடு கட்டிலில் இருந்தாள், காத்திருந்தவள் மாதிரி. வைத்தியர் எல்லாவற்றையும் சொன்னார்.

“ஆட்டைக் காட்டுங்கோ” என்றாள். காட்டினேன்.

“எத்தினை குட்டி டொக்டர்?”

“இரண்டு போலை.”

“எடுக்க வேண்டாம்.”

யோசிக்காமல் சொன்னாள். சொன்ன பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்தாள். அக்கா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“பிள்ளை, கோவமோ?”

“இல்லையக்கா.”

“ஆட்டின்ரை சத்தத்தையே என்னாலை தாங்க ஏலாமல் போச்சு. நீர் இவரை விட்டிட்டு உங்கை எப்பிடி இருக்கிறீர்?”

சுகந்தி சிரித்தாள். “இவர் கத்துறேல்லையே அக்கா.”

வைத்தியர் சிரித்தார், அக்கா சிரித்தார், நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு ஐஸ் பெட்டியின் மூடியைச் சரிசெய்வதுபோல் கொஞ்ச நேரம் குனிந்திருந்தேன். அவள் சொன்னது சரிதான். ஒவ்வொரு நாளும் பேசுவோம். குளிர் எப்படி, என்ன சமையல், வாடகை கட்டியாச்சா. இஞ்சை ஒரு பிரச்சினையும் இல்லை என்று சொல்லித்தான் முடிப்பேன். அவள் கவலையில்லாமல் வேலை செய்யட்டும் என்று இருந்தேன். எனக்குக் கவலையே இல்லை என்று அவள் நினைத்திருக்கலாம் என்பது அந்தக் கொட்டிலடியில்தான் உறைத்தது.

ஐஸை அக்காவின் வாழைக்குக் கொட்டினோம். நான் வேண்டாம் வேண்டாம் என்றும் கேளாமல் அவர் ஒரு கடதாசிச் சரை வெங்காயத்தை வெறும் பெட்டிக்குள் வைத்துத் தந்தார். சுன்னாகத்தில் ரயிலுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. ரயில் மேடை வாங்கில் உட்கார்ந்து இந்தக் குறிப்புகளை எழுதினேன்: திரும்பும் இருக்கையையும் போகும்போதே பதிவு செய்யுங்கள். ஐஸ் வாங்குவதானால் மீன்காரரிடம் வேண்டாம், குளிர்பானக் கடையில் கேளுங்கள். மழை விட்ட புதிதில் வயற்கரை வெள்ளத்தில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆசுபத்திரிக்குப் போங்கள், சுகந்தியின் பரிசோதனைப் பட்டி இன்னும் தயாராகவில்லை.

எழுதி முடித்ததும் சுகந்தி அழைத்தாள். ஒப்பந்தத்தை நீட்டுவதைப் பற்றி மேலதிகாரியிடம் பேசிவிட்டாளாம். ஒரு வருடம். குட்டி பிறந்து ஒரு மாதம் போக, வைகாசியில் இரண்டு கிழமை லீவு கேட்டிருக்கிறாள், ஊசியும் போட்டு இரத்தத்தையும் தானே எடுக்கப் போகிறாளாம். லீவு கிடைக்குமா என்பது தெரியாது. குரல் விட்டு விட்டு வந்தது. வழக்கம்போல, “நீங்கள் சமாளிப்பியள் தானே?” என்று கேட்டாள்.

“இல்லை” என்றேன்.

“என்ன? கேக்கேல்லை.”

எழுந்து நின்றேன். “எனக்கு ஏலாது சுகந்தி. நீர் இல்லாமல் எனக்கு ஏலாது. வாரும்.”

மேடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று கைபேசியைப் பார்த்தேன்.

“இப்பவாவது கேட்டதோ?” என்றேன்.

“முதலே கேட்டது” என்றாள். “இன்னொருக்காச் சொல்லுங்கோ.”