டோக்கன் ப்ராஜெக்ட்

மென்பொருள் பொறியியலின் அடிப்படைகள் என்ற தாளை மூன்றாம் வருடத்தில் படித்தேன். படித்தேன் என்ன, நெட்டுருப் போட்டேன். எந்தக் கட்டத்துக்குப் பின் எந்தக் கட்டம் வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எதற்கு என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். நல்லவேளை, யாரும் கேட்டதில்லை. ப்ராஜெக்ட் என்றால், சீனியர்கள் விட்டுப்போன நூலக மென்பொருளுக்கு முதல் பக்கத்தை மட்டும் மாற்றிக் கொடுப்பது. எங்கள் கல்லூரியில் வருஷா வருஷம் அதே நூலகம்தான்.

எங்களுக்கு வந்த மேடம் அதற்கு ஆப்பு வைத்தார். நிஜமான ஓர் இடத்துக்குப் போய், அங்கே ஒருவர் செய்கிற வேலையை உட்கார்ந்து பார்த்து, கேட்டு எழுதி, அதை மென்பொருளாக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபெயில். ஃபெயிலானவர்கள் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்கார முடியாது. எங்கள் வீட்டில் சம்பாதிப்பது அம்மா ஒருத்திதான். ஆளைத் தேடி நான் எங்கே போவேன்? அம்மாவையே பிடித்துக்கொண்டேன்.

அம்மா எல்லையோரத் தமிழ்க் கிராமமான மார்டள்ளியிலிருந்து கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள். மண்டி மொஹல்லாவில் ஒரு கிளினிக்கின் வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். யார் எப்போது உள்ளே போவது என்பது அவள் ராஜ்ஜியம். பொதுவாக வந்த வரிசைதான். ஆனால் காய்ச்சலில் துவண்ட குழந்தை வந்தால் அது முதலில் போகும். வெளியூரான குண்டலுபேட்டைக்காரர்களை, அவர்கள் திரும்புகிற பஸ்ஸின் நேரம் பார்த்து உள்ளே அனுப்புவாள். நான் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பில் தட்டிக்கொண்டே இருந்தேன்.

"எளுதிக்கோ கண்ணு, இன்னொண்ணு உட்டுப்போச்சு. சுகர் டெஸ்ட்டுக்கு வெறும் வயித்துல வந்தவங்கள ரொம்ப நேரம் உக்கார வெக்கக் கூடாது. மயக்கம் போட்டு உளுந்தா ஆரு பாக்கறது?"

வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நம்ம மகளு. காலேஜ்ல என்ற வேலையத்தான் படிக்கறா" என்று பீற்றிக்கொண்டாள். எனக்குக் கூச்சமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அந்தப் பாடத்தில் என் மனசுக்கு ஏதாவது தோன்றியது என்றால் அது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான்.

பிறகு டீமாக உட்கார்ந்து படம் வரைந்தோம். நடுவில் ஒரு பெட்டி, அது மென்பொருள். வெளியே குச்சி மனிதர்கள், அதைப் பயன்படுத்துகிறவர்கள். நோயாளி, டாக்டர், அம்மா. மேடம், அம்மாவின் குச்சி உருவத்தைத் தொட்டு, இவர் என்ன செய்கிறார் என்று கேட்டார். வரிசையை முடிவு செய்கிறார் என்றேன்.

"அந்த விதியெல்லாம்தான் நீங்களே எழுதிட்டீங்களே, சிஸ்டமே முடிவு செஞ்சுக்கும். அப்புறம் இந்த ஆள் எதுக்கு? எடுத்துடுங்க."

புத்தகப்படி அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. உருவத்தைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். அதோடு சேர்ந்திருந்த கோடுகளும் போயின. ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

கிளினிக்கில் ஒரு டேப்லெட்டை வைத்து ஓட்டிக் காட்டினோம். ஊர், வயது, உடம்புக்கு என்ன என்று தட்டினால் நம்பர் வரும். டாக்டர் நாலைந்து பேரை வைத்துப் பார்த்தார். இது இங்கேயே இருக்கட்டும் என்றார். என் டீம்காரர்கள் குதித்தார்கள். அம்மா, "எம்பட பொண்ணாக்கும்" என்றாள். பயனாளர் நிஜமாகவே ஏற்றுக்கொண்ட ஒரே ப்ராஜெக்ட் எங்களுடையது. முழு மதிப்பெண்.

சில வாரம் கழித்து டாக்டர் அம்மாவிடம், "நாளெயிந்த பேடம்மா" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, ஒன்றுமில்லை, நாளையிலிருந்து வேண்டாம். அம்மா மத்தியானமே வீட்டுக்கு வந்து உலை வைத்தாள்.

"மெஷினே பாத்துக்குதாமா."

"ம்" என்றேன்.

"நல்லாத்தான் வேல செய்யுது கண்ணு. நானும் நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன். குண்டலுபேட்டக்காரங்கள கரெக்டா அனுப்புது."

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. டாக்டர் மேலோ மேடம் மேலோ கோபம்கூட வரவில்லை. சோறு போட்டாள், தின்றேன். அம்மா தெரிந்தவர்களிடமெல்லாம் வேலை கேட்டு அலைந்தாள். நான் அடுத்த தாளுக்கு நெட்டுருப் போட்டேன்.

கேம்பஸ் இன்டர்வியூவில் ப்ராஜெக்ட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். எதிரே இருந்தவர், இதனால் கிளினிக்குக்கு என்ன லாபம் என்று கேட்டார்.

"ஒரு ஆள் மிச்சம், சார்."

அவர் முகம் மலர்ந்தது. வேலை கிடைத்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். சர்க்கரை டப்பாவை எடுத்து வந்தாள்.

"என்ன கண்ணு கேட்டாங்கொ?"

"ப்ராஜெக்ட் பத்தித்தாம்மா."

"தடுமாறாமச் சொன்னியா?"

"சொன்னேன்."

"சொல்லாம என்ன! அத்தனையும் நாஞ் சொல்லிக் குடுத்ததாச்சே" என்று என் வாயில் சர்க்கரையைப் போட்டாள்.