கையில் மிஞ்சியிருந்த மூன்றாவது அம்பு

இரண்டாம் உலக யுத்த காலத்தில் எனக்கு இருபத்திரண்டு வயது. கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்சிக் கந்தோரில் டைப்பிஸ்டாக இருந்தேன். வீடு கொட்டாஞ்சேனையில். கணக்கில் நான் கெட்டிக்காரி என்று கந்தோரில் ஒரு பேச்சு இருந்தது. எவ்வளவு பெரிய கழித்தலையும் கடதாசி இல்லாமல் செய்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

கொச்சிக்கடையில் துறைமுக மதிலை ஒட்டி, கப்பல்காரர்களுக்கென்று ஒரு மண்டபம் இருந்தது. தேத்தண்ணீர், பணிஸ், ஒரு பழைய பியானோ, சுவரில், சிறிய அம்புகளைக் கையால் எறிந்து விளையாடும் ஒரு டார்ட்ஸ் பலகை. அதை நடத்திய ஆங்கிலேயப் பாதிரியார் ஒருநாள் எங்கள் கந்தோருக்கு வந்தார். கப்பல்காரர்களுக்கும் துறைமுகத் தொழிலாளிகளுக்கும் சேர்த்து ஒரு டார்ட்ஸ் போட்டி வைக்கப்போவதாகவும், புள்ளி எழுத இருந்த மாலுமியின் கப்பல் திடீரென்று புறப்பட்டுவிட்டதாகவும் சொன்னார். மனேஜர் தயங்காமல் என்னைக் கைகாட்டினார்.

“ஆம்பிளைகள் நிறைஞ்ச இடத்துக்கு நீ தனியப் போகேலாது, மகள். நானும் வாறன்” என்றார் அப்பா.

விளையாட்டை எனக்குப் பாதிரியார்தான் விளக்கினார். ஆளுக்கு ஐந்நூற்றொரு புள்ளியில் தொடக்கம். ஒரு முறைக்கு மூன்று அம்புகள். விழுந்த புள்ளிகளை நான் கூட்டி, இருப்பதிலிருந்து கழித்துக் கரும்பலகையில் எழுத வேண்டும். முதலில் சரியாகப் பூச்சியத்துக்கு வருபவருக்கு வெற்றி. ஆனால் கடைசி அம்பு, பலகையின் வெளி விளிம்பில் ஓடும் ஒடுக்கமான வளையத்தில் விழ வேண்டும். அங்கே எந்த எண்ணும் இரட்டிப்பாகும். அந்த வளையம் என் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டுப் போனோம். மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. ஒரு பக்கம் வெள்ளை உடுப்பில் மாலுமிகள். மறுபக்கம் எங்கள் தொழிலாளிகள், தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும். அந்த வாசலுக்குள் அவர்கள் விருந்தாளிகளாக நுழைந்தது அன்றைக்குத்தான். சிலர் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

மாலுமிகளுக்குள் ஒரு ஸ்டோக்கர் இருந்தார். கப்பலின் அடியில் உலைக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். யுத்தத்துக்கு முன், ஊர் ஊராகப் போய்ப் பரிசுக்கு டார்ட்ஸ் எறிவதுதான் அவருடைய தொழில் என்று பாதிரியார் சொன்னார். இப்படியும் ஒரு தொழிலா என்று மனதுக்குள் சிரித்தேன். அவர் எறிவதற்காகத் தரையில் கீறியிருந்த கோட்டில் வந்து நின்றார். முழங்கைக்குக் கீழே முழுதும் தீக்காயத் தழும்பு. அம்பைக் கையில் எடுக்கும்வரை அந்தக் கை மெல்ல நடுங்கிக்கொண்டிருந்ததைக் கண்டேன். எடுத்ததும் நடுக்கம் நின்றது.

மூன்று அம்புகளும் இருபதின் மும்மடங்கு வளையத்தில் போய்க் குத்தின. ஒரு தபால் தலையை ஒட்டினால் மூடிவிடக்கூடிய இடம். மூன்றும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. நூற்றெண்பது என்று எழுத வேண்டிய நான் எழுதாமல் நின்றேன். “மிஸ், புள்ளி” என்று பாதிரியார் நினைவூட்டினார். அதன்பிறகு நான் சிரிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கடைசிவரை நின்றவர் ஒரு வின்ச்காரர். கப்பல் வயிற்றிலிருந்து சாமான் தூக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறவர். கொச்சிக்கடைக் கோவிலில் அடிக்கடி கண்டிருக்கிறேன். அதிகம் கதைக்காத மனிதர். அந்த மண்டபத்தின் கூரையைத் திருத்த வந்த நாட்களில் டார்ட்ஸ் பழகினாராம். ஸ்டோக்கரைப் போல அழகாக அவர் எறியவில்லை. முகத்தைச் சுளித்து, ஒரு கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு அம்பையும் பாரம் இறக்குவது போல அனுப்பினார். அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது.

இறுதி ஆட்டம் அவர்கள் இருவருக்கும் இடையில். மூன்று சுற்று. ஆளுக்கொன்று வென்று, மூன்றாவது சுற்றுக்கு வந்துவிட்டார்கள். மண்டபத்தில் விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

வின்ச்காரருக்கு நூற்றுமுப்பத்தேழு இருந்தது. எண்பத்தைந்து எடுத்தார். நான் கழித்து எழுதினேன். ஸ்டோக்கர் தன் முறையில் முப்பத்திரண்டுக்கு இறங்கினார். அடுத்த முறை அவர் முடித்துவிடுவார் என்று எல்லாருக்கும் தெரியும். வின்ச்காரர் கரும்பலகையைப் பார்த்தார். நாற்பத்திரண்டு. முதல் அம்பு பத்தில். இரண்டாவது பதினாறின் இரட்டிப்பு வளையத்தில். பூச்சியம்.

கூரை கிளம்பிவிடும் போலச் சத்தம். “ஜயவேவா!” என்று ஒரு பக்கம் சிங்களத்தில் வெற்றி முழக்கமிட்டார்கள். வின்ச்காரரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். நானும் கைதட்டினேன். தட்டிக்கொண்டே கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தேன்.

நூற்றுமுப்பத்தேழு. எண்பத்தைந்து. நாற்பத்திரண்டு.

மறுபடி கழித்தேன். மறுபடியும். ஐம்பத்திரண்டுதான் வந்தது. என் கணக்கை அன்று முழுக்க ஒருவரும் சரிபார்க்கவில்லை. இனியும் பார்க்கப்போவதில்லை. ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் எல்லாம் போய்விடும்.

“நில்லுங்கள்” என்று சொல்லிப் பார்த்தேன். யாருக்கும் கேட்கவில்லை. துணியை எடுத்தேன். பூச்சியத்தைத் துடைத்தேன். நாற்பத்திரண்டைத் துடைத்து, அந்த இடத்தில் ஐம்பத்திரண்டு என்று எழுதினேன். முன்வரிசை முதலில் அடங்கியது. பிறகு அதற்குப் பின்னால். தோளில் இருந்த வின்ச்காரர்தான் கடைசியாகக் கண்டார்.

“என்ன தங்கச்சி?”

“நான் பிழையாக் கழிச்சிட்டன், அண்ணே.”

அவர் உதடு அசைந்தது. கணக்குப் பார்த்தார். “அப்ப எனக்கு இன்னும் பத்து இருக்கு.”

“ஓம்.”

“எங்கட ஆளுக்கே இப்பிடிச் செய்யிறியா?” என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

“வாயைப் பொத்திக்கொண்டு நீயும் கழிச்சுப் பார்” என்றார் வின்ச்காரர். “என்னை இறக்குங்க.”

பாதிரியாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஸ்டோக்கரைப் பார்த்தார். ஸ்டோக்கர் என்னிடம் வந்து, நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னார்: “அவர் கரும்பலகையை நம்பிக் குறிபார்த்தார். ஐம்பத்திரண்டு என்று தெரிந்திருந்தால் வேறு இடத்துக்கு எறிந்திருப்பார். மூன்று அம்பையும் திரும்ப எறியட்டும். அதுதான் நியாயம்.”

நான் தமிழில் சொன்னேன். வின்ச்காரர் தலையாட்டவில்லை. தூக்கிக் கொண்டாடியபோதும் விடாத மூன்றாவது அம்பு அவருடைய வலது உள்ளங்கையில் அப்படியே இருந்தது.

“எறிஞ்சது எறிஞ்சதுதான். அது அவருக்கு நட்டமாப் போகும். கையில இன்னும் ஒண்டு இருக்கெண்டு சொல்லுங்க. அது காணும்.”

சொன்னேன். ஸ்டோக்கர் அவரைப் பார்த்தார். பிறகு, தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் போய் நின்றார். மாலுமிகள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். யாரும் கழற்றச் சொல்லவில்லை.

பத்து மீதி. ஐந்தின் இரட்டிப்பு வளையம் வேண்டும். இருநூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த அமைதியைப் போல ஒன்றைக் கோவிலில்கூட நான் கேட்டதில்லை. என் தவறால் வந்த அமைதி அது என்பதுகூட எனக்கு மறந்துபோயிற்று. அவர் கண்ணைச் சுருக்கினார். கை எழுந்தது. அம்பு போனது.

வளையத்தின் விளிம்புக் கம்பிக்கு வெளியே குத்தியது. கம்பியைத் தொட்டுக்கொண்டு, ஆனால் வெளியே. கிட்டப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

ஸ்டோக்கர் வந்து கோட்டில் நின்றார். முதல் அம்பு வளையத்துக்குச் சற்று உள்ளே, பதினாறில். இரண்டாவது எட்டின் இரட்டிப்பு வளையத்தில், நடுவில். முடிந்தது. முதலில் கைதட்டியது யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சத்தம் எங்கள் பக்கத்திலிருந்துதான் தொடங்கியது. ஸ்டோக்கர் போய் வின்ச்காரரின் கையைப் பிடித்தார். இருவருக்கும் பொதுவான பாஷை இல்லை. பலகையைக் காட்டி, விரலால் மயிரிழை அளவு காட்டி, இருவரும் சிரித்தார்கள்.

வெளியே வந்தபோது வாசலில் பத்துப் பதினைந்து பேர் முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றார்கள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். வின்ச்காரர் வந்து எங்களோடு சேர்ந்து நடந்தார். நின்றவர்கள் வழி விட்டார்கள். கொட்டாஞ்சேனை ஏற்றம்வரை வந்தார்.

“என்னால உங்கட வெற்றி போயிற்று, அண்ணே” என்றேன். அழுகை வந்துவிட்டது.

“பிழை விட்டனீங்கதான். இல்லையெண்டு சொல்லமாட்டன்” என்றார். பிறகு சொன்னார்: “ஆனா அந்தக் கடைசி அம்பு, தங்கச்சி... எல்லாரும் தொப்பியைக் கழட்டிப்போட்டு நிண்டாங்க. எனக்காக. நான் எறிஞ்சன். இருபது வருஷமா ஹாபர்ல வேலை செய்யிறன். அப்பிடி ஒருக்காவும் யாரும் எனக்காக நிண்டதில்ல.”

அப்பா அவரைத் தேத்தண்ணீருக்கு வரச் சொன்னார். வேலை இருக்கிறது என்று திரும்பிப் போய்விட்டார்.

ஸ்டோக்கரின் கப்பல் அந்த வாரமே புறப்பட்டது. அடுத்த போட்டிக்கு ஆள் அனுப்பிய பாதிரியார், புள்ளி எழுத என்னைத்தான் தொழிலாளிகள் கேட்கிறார்கள் என்று சொல்லியனுப்பினார். போனேன். ஒவ்வொரு கழித்தலையும் உரக்கச் சொல்லிச் சொல்லி எழுதினேன். இருநூறு பேர் என்னோடு சேர்ந்து, மூன்று பாஷையில் கழித்தார்கள்.