மச்சானுக்காக ஏற்ற பழி

கம்பெனி வேன் டிரைவர், தன் மச்சானுக்கு அந்த வேனிலேயே ஓட்டப் பழக்கினார். ஒருநாள் பயல் சைக்கிளில் போனவரை இடித்து, அவர் காலை முறித்துவிட்டான்.

"மாமா, எனக்கு லைசென்ஸே இல்ல. நீங்கதான் ஓட்டினீங்கன்னு சொல்லிடுங்க!" என்று காலில் விழுந்தான்.

பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாயிற்றே! பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். லைசென்ஸை ரத்து செய்தார்கள், வேலையும் போயிற்று.

மச்சான் கமுக்கமாக லைசென்ஸ் எடுத்து, முதலாளியிடம் போய், "நான் ஒருத்தரையும் இடிச்சதில்ல சார்" என்று அந்த வேலையில் சேர்ந்துகொண்டான். வளர்த்த கடா மார்பில் பாயும் என்று சும்மாவா சொன்னார்கள்!

இன்று பஸ்ஸுக்காக நின்றவர் முன்னால் அதே வேன் வந்து நின்றது.

"ஏறுங்க மாமா. பெல்ட்ட மறக்காம போட்டுக்கங்க, சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?"