கண்ட்ரோல் விசைக்கு வைத்த பொட்டு

சங்கராபுரம் தாலுக்கா ஆபீஸ் எதிரில் தெய்வசிகாமணி கடை எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. 'மவுஸ் தொடாத சிகாமணி' என்று கேட்டுப் பாருங்கள், டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருக்கும் டீயை நிறுத்திவிட்டுக் கையைக் காட்டுவார்.

பேர் வந்த கதை பெரிய கதையெல்லாம் இல்லை. நைனார்பாளையத்திலிருந்து சைக்கிள் மிதித்துப் போய் அவன் கம்ப்யூட்டர் படித்த இடத்தில் மெஷின்கள் நாலைந்து இருந்தன, மவுஸ் ஒன்றே ஒன்று. அதையும் பசங்க உடைத்துவிடுவார்கள் என்று முதலாளி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அப்புறம் என்ன செய்வது? காப்பியடிப்பது, ஒட்டுவது, சேமிப்பது, பிரிண்ட் போடுவது எல்லாவற்றையும் கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டே கற்றான். வழியில்லாமல் பிடித்த விரதம் நாளாவட்டத்தில் கொள்கையாகிவிட்டது. கொள்கைகள் பாதி இப்படித்தான் பிறக்கின்றன, விடுங்கள்.

சொந்தமாகக் கடை போட்டபோது கம்ப்யூட்டரோடு வந்த மவுஸை டிராயருக்குள் தள்ளினான். வருஷத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்கு அது வெளியே வரும். சந்தனம், குங்குமம், கற்பூரம் எல்லாம் ஆனதும் மறுபடி டிராயர். சும்மா கிடக்கும் மவுஸுக்கே இந்த மரியாதை என்றால் சோறு போடும் கண்ட்ரோல் விசையை விடுவானா? வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குப் பொட்டு. இடது பக்கத்துக் கண்ட்ரோலுக்கு மட்டும் வைத்தால் வலது பக்கத்தது கோபித்துக்கொள்ளும் என்று அதற்கும் ஒன்று. பக்கத்திலிருக்கும் ஆல்ட் பாவம் என்று அதற்கும் சின்னதாக.

இத்தனை பக்திமானுக்குக் கல்யாணம் மட்டும் கூடி வரவில்லை. முப்பத்து நாலு வயசு. வந்த பெண் வீட்டார் எல்லாம் 'பொட்டி தட்டுறவனுக்கு எப்படிங்க பொண்ணு குடுக்கறது' என்று காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். தரகர் பாவாடை கடைசியாக மணலூர்பேட்டையில் ஒரு இடம் பிடித்தார். பெண் பேர் மணிமொழி. போட்டோ வந்த நாளிலிருந்து சிகாமணிக்கு ராத்திரித் தூக்கம் போச்சு. இதுவும் தட்டிப்போனால் இனி பெண்ணே பார்க்க வேண்டாம் என்று அம்மா காசியம்மாளிடம் சொல்லிவிட்டான்.

அது இடஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக ஜனங்கள் மனு கொடுத்துக்கொண்டிருந்த மார்கழி. கொரோனாவும் முழுசாகத் தொலையவில்லை, ஆளுக்கொரு மாஸ்க். மனு எல்லாருக்கும் ஒரே மனுதான், பேரும் ஊரும்தான் மாறும். ஜெராக்ஸ் எடுத்துப் பேனாவால் நிரப்பினால் போதும். ஆனால் அவனவன் பேர் அச்சில் வந்தால் அவனவனுக்கு ஒரு சந்தோஷம். சிகாமணி கண்ட்ரோலைப் பிடித்தான் என்றால் கண் மூடித் திறப்பதற்குள் மனு கையில் இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் பாவாடை போன் செய்தார்.

"சிகாமணி, பொண்ணோட அப்பா ராமசாமி இன்னைக்கு மனு அடிக்கிற சாக்குல ஒன் கடைக்கு வந்துகினு இருக்காரு. நான் சொன்னன்னு காட்டிக்காத. சும்மா எப்பவும் போல இரு."

எப்பவும் போல இருக்கச் சொன்னால் எவன் இருக்கிறான்? அவசரத்தில் சந்தனத்தைத் தண்ணியாகக் கரைத்து, வழக்கத்தைப் போல மூன்று பங்கு அப்பினான். 'மானத்தக் காப்பாத்து' என்று விசைப்பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

கடை நிறைந்துவிட்டது. மனுக்காரர்கள் ஒரு பக்கம், கல்வராயன் மலையிலிருந்து சான்றிதழ் வேலையாக ஜீப்பில் இறங்கியவர்கள் ஒரு பக்கம். மாஸ்க் போட்ட கூட்டத்தில் மாமனார் எவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெள்ளைச் சட்டை, தங்க மோதிரம், தொப்பை என்று ஒருவர் வந்தார். இவரேதான் என்று சிகாமணி முடிவு கட்டி, ஃபேனுக்கு அடியில் நாற்காலி போட்டு டீயும் வரவழைத்தான். பச்சைத் துண்டு போட்ட இன்னொரு பெரியவர் மூலையில் முக்காலியில் ஒடுங்கி உட்கார்ந்தார். அவரை எவன் கவனித்தான்?

முதல் மனு முடிந்தது. மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து, காப்பியடித்து, ஒட்டுவதற்காக மூன்று தட்டுத் தட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. கண்ட்ரோல் அமுங்காமல் கல்லு மாதிரி நின்றது. தட்டிய மூன்றும் வெறும் எழுத்தாகி, மனுவின் அடியில் 'யஉஎ' என்று விழுந்திருந்தது. மறுபடி தட்டினான். மறுபடி யஉஎ.

கண்ணாடி போட்ட ஒருவர் எட்டிப் படித்தார். "'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள யஉஎ.' யாருப்பா அந்தாளு?"

"பிள்ளையார் சுழிய கடைசியில போட்டுக்கிறாருபா" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

பக்கத்து மொபைல் கடை சுபைர் ஓடி வந்தான். "ரீஸ்டார்ட் பண்ணு சிகாமணி." பண்ணினான். யஉஎ. "ஷிஃப்ட்ட விட்டு விட்டு அமுக்கு." அமுக்கினான். மெஷின் பீப் என்று கத்தியது, அவ்வளவுதான். சுபைர் தாடியைத் தடவி, "அப்ப இது வைரஸ்தான்" என்றான்.

அவ்வளவுதான், மொத்த வரிசையும் ஓரடி பின்னால் போய் மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டது.

வேறு வழியில்லாமல் சிகாமணி டிராயரைத் திறந்தான். மவுஸ் வெளியே வந்தது. பல வருஷத்துப் பொட்டு ஏறி அது மவுஸ் மாதிரியே இல்லை, வேப்பமரத்தடி அம்மன் மாதிரி இருந்தது. மலைக்கார அம்மா ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சிகாமணி அதைக் கம்ப்யூட்டரில் செருகிப் பிடித்து இழுத்தான். திரையில் அம்பு கொஞ்சம் நகர்ந்தது. மேஜை ஓரம் வரை இழுத்தான், அம்பு பாதி வழிதான் போயிருந்தது. மேஜையைத் தாண்டித் தொடைமேல் இழுத்தான். முழங்கால் வந்தும் அம்பு போய்ச் சேரவில்லை.

"தம்பி, தூக்கி வச்சி மறுபடி தள்ளணும்பா. எம் பொண்ணு அப்டித்தான் செய்யும்" என்றார் பச்சைத் துண்டு.

"பெரியவரே! ஒங்க பொண்ணு பெருமைய வூட்ல போய் பேசுங்க. இங்க எனக்கே மானம் போய்க்கினு கீது!"

அப்போது நாற்காலிக்காரரின் போன் அடித்தது. "இல்லீங்க, இங்க லோனுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுக்க வந்தேன். சும்மாவே டீயெல்லாம் குடுக்கறாங்க, நல்ல கடை" என்றார் அவர்.

அப்போ மாமனார் எவர்? சிகாமணி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். அந்த நேரம் பார்த்துத்தானா பாவாடை பைக்கை நிறுத்த வேண்டும்? உள்ளே வந்தவர் நேராக மூலைக்குப் போனார்.

"இன்னா மாமா, மாப்பிள்ளைய பாத்தியா? எப்டி?"

"பாத்தன், பாத்தன். வூட்டுக்குப் போன்னாரு" என்றார் ராமசாமி.

போச்சு. மணிமொழி போச்சு, பேர் போச்சு, எல்லாம் போச்சு. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்ட, சிகாமணி விசைப்பலகையைப் பிடுங்கிக் கவிழ்த்து மேஜையில் ஓங்கி ஓங்கி அடித்தான். மஞ்சள் மஞ்சளாக என்னவோ பொரிந்து பறந்து ராமசாமியின் வேட்டிமேல் கொட்டியது.

அவர் அதில் ஒரு சில்லை எடுத்து, மாஸ்க்கை இறக்கி, மோந்து பார்த்தார். "இன்னாடா இது, சந்தனம்!"

சிகாமணி கண்ட்ரோலை அமுக்கினான். டக்கென்று உள்ளே போய் டக்கென்று மேலே வந்தது. கடை முழுக்க அவனையே பார்த்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

"அதுதாங்க எனக்குச் சோறு போடுது. அதான் வாராவாரம் பொட்டு வைப்பன். இன்னைக்கு நீங்க வரீங்கன்னு கொஞ்சம் ஜாஸ்தியா வச்சிட்டன்."

சுபைர் தலையில் அடித்துக்கொண்டான். ராமசாமி சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, பச்சைத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏம்பா, டிராக்டருக்கு நாங்களுந்தான் பொட்டு வைக்கிறோம். பிரேக்குக்கு அடியிலயா கொண்டு போய் அப்புறோம்?"

சிகாமணி அவர் மனுவைத்தான் முதலில் அடித்துக் கொடுத்தான். விரல் போன வேகத்தை அவர் பார்த்தார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பாவாடையிடம் சொன்னார்:

"வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனா சோறு போடுற கட்டைக்கே இம்மாஞ் சந்தனம் வைக்கிறவன், எம் பொண்ணு கையால சாப்ட்டுட்டு மறந்துடுவானா? தை பொறக்கட்டும்."

தை பிறந்தது, கல்யாணமும் ஆனது. அடுத்த வெள்ளிக்கிழமை மணிமொழி கடைக்கு வந்தபோது, சிகாமணி கிண்ணமும் கையுமாக விசைப்பலகைக்குக் கிட்டே நின்றுகொண்டிருந்தான். கிண்ணத்தைப் பிடுங்கினாள். ஒரு பொட்டு எடுத்து அவன் நெற்றியில் வைத்தாள். பிறகு டிராயரைத் திறந்து மவுஸை எடுத்து, முந்தானையால் அழுத்தித் துடைத்து, மேஜைமேல் வைத்தாள்.

"தொடுங்க" என்றாள்.

சிகாமணி வாசலைப் பார்த்தான். டீக்கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொட்டான்.