ஆண் முயலுக்கு ஐஸ் பாட்டில்

வங்காளத்தில், எங்கள் பெஹாலா வீட்டு ஃப்ரீசரில் ஐஸ்கிரீமுக்கு ஒரு நாளும் இடம் இருந்ததில்லை. பழைய குளிர்பானப் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பிக் கல்லாக உறைய வைத்திருப்பார் என் நாத்தனார். சித்திரை வெயில் மொட்டைமாடியைப் பொரிக்க ஆரம்பித்ததும், ஆண் முயல்களின் கூண்டுகளில் ஆளுக்கொன்றாகப் படுக்க வைப்பார். அவை பாட்டிலோடு ஒட்டிக்கொண்டு சொகுசாகக் கிடக்கும். "மாப்பிள்ளைகளுக்கு நடக்குற உபசாரத்தப் பாரு" என்று என் மாமியார் பொருமுவார். நாத்தனார் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

கீழே என் கணவரின் மளிகைக் கடை, மேலே அவருடைய அக்காவின் முயல்கள். புருஷன் வீடு ஒத்துவராமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர், குட்டிகளை விற்றே தன் பாட்டைப் பார்த்துக்கொண்டார். நான் அவரை மதினி என்பேன். எனக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் குழந்தை இல்லை. விரதம், மருந்து, ஊசி, ஸ்கேன் எல்லாம் என் உடம்புக்குத்தான். கணவர் ஒரு பரிசோதனைக்குக்கூடப் போனதில்லை. மாமியாரோ திருநெல்வேலிக்கு ஃபோன் போட்டு, மகனுக்கு வேறு பெண் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் என் காதில் விழும்படியே.

அந்தக் கோடையில் அடிக்கடி கரண்ட் போய், பாட்டில்கள் சரியாக உறையவில்லை. சாம்பல் நிறப் பெண் முயல் ஒன்று, எத்தனை முறை சேர்த்தும் சினை பிடிக்கவில்லை. கிடர்பூரிலிருந்து முயல் வாங்க வரும் வியாபாரி அதைப் பார்த்துவிட்டு, "இது மலடு அக்கா, கறிக்குத் தள்ளிவிடுங்கள்" என்று வங்காள மொழியில் சொன்னான். மாமியார் உடனே திரும்பி என்னைப் பார்த்தார்.

மதினி அந்த முயலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "வெயில்ல மொதல்ல வித்து கெடுறது ஆணுக்குத்தான். பாக்க ஜம்முன்னு இருக்கும், ஒண்ணுத்துக்கும் ஆவாது. அத விட்டுட்டு இவளக் குத்தம் சொல்ல வந்துட்டாங்க!" என்றார். பிறகு, கடைக்குப் பின்னால் நிழலில் வளர்ந்த வேறொரு ஆண் முயலின் கூண்டுக்கு அதைக் கொண்டுபோனார். எப்போதும் பெண்ணைத்தான் கொண்டுபோக வேண்டும். தன் கூண்டுக்குள் ஆண் வந்தால் அவள் கடித்துக் குதறிவிடுவாள்.

அடுத்த மாதமே சாம்பல்காரி தன் நெஞ்சு மயிரைப் பிய்த்துப் பெட்டிக்குள் மெத்தை போட்டாள். அதற்குள் குட்டிகள் நெளிந்தன. மதினி வீட்டிலிருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"ஏலே, நல்லாப் பாத்துக்க" என்றார் தம்பியிடம். "நீயும் போய் டெஸ்ட் பண்ணிட்டு வா. அதுக்குப் பொறவு எவளாவது இவள மலடின்னு சொல்லட்டும், பாத்துக்கிடுதேன்."

"கூடப் பொறந்தவனையே அசிங்கப்படுத்துதியேட்டி!" என்று மாமியார் கத்தினார்.

"முயலுக்கு உள்ள நியாயம் மனுஷிக்குக் கெடையாதோ?"

கணவர் கோபித்துக்கொண்டு சாப்பிட மறுத்தார். நானும் கெஞ்சப் போகவில்லை. கடைசியில் டெஸ்டுக்குப் போனார். குறை அவரிடம்தான் இருந்தது. அன்று நான் விக்கி விக்கி அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். இத்தனை ஊசியும் எனக்கு எதற்குப் போட்டார்கள்? திருநெல்வேலிக்குப் போன ஃபோன்கள் நின்றன. எங்களுக்குப் பிள்ளை பிறக்கவேயில்லை. அதற்காக நான் யார் முன்னாலும் தலை குனிந்ததும் இல்லை.

மதினி இப்போது இல்லை. முயல்கள் என் பொறுப்பு. போன வாரம் கணவரின் சித்தி ஊரிலிருந்து ஃபோன் பண்ணினார். "எம் மருமவளுக்கு இன்னும் ஒரு விசேஷமும் இல்ல. அங்க நல்ல டாக்டரம்மா இருந்தாச் சொல்லு, அவள அனுப்பி வைக்கேன்."

"மொதல்ல ஒங்க மகன அனுப்புங்க" என்றேன்.

நான் ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினேன். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். எழுந்து கை கழுவினார். அதுவரை ஒரு நாளும் முயல் வேலையில் கை வைக்காதவர், ஃப்ரீசரைத் திறந்து, பாட்டில்களை எடுத்து, ஒவ்வொன்றாக என் கையில் அடுக்கினார்.